வீட்டில் படிக்கும் பிள்ளையின் எழுத்தை மதிப்பிடுவது எப்படி?

என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறோம். அவள் எழுதிய மூன்று வரிகளை வைத்தே சொல்கிறேன்:

"நேத்து பாட்டி வீட்டுக்கு போனோம். மாடு கன்னு போட்டிருந்துச்சு. வெல்லை கன்னு எழுந்து எழுந்து விழுந்துச்சு."

1. முதல் வாசிப்பில் கையில் பேனா வேண்டாம்

என்ன சொல்ல வருகிறாள் என்று மட்டும் படியுங்கள். பிடித்த இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லா எழுதியிருக்கே" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. "எழுந்து எழுந்து விழுந்துச்சுன்னு எழுதினே பாரு, கன்னுக்குட்டி கண்ணுலயே நிக்குது" என்றேன். அடுத்த வாரம் தானாகவே அப்படி இன்னொன்று எழுதினாள்.

2. உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்

படிக்கும்போதே நிறுத்தித் திருத்திக்கொண்டால் அது கவனப் பிசகு, விட்டுவிடலாம். தவறென்றே தெரியாமல் கடந்து போவதைத்தான் கற்றுத்தர வேண்டும்.

3. பிழைகளை வகை பிரியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். எல்லாவற்றையும் ஒரே சிவப்பு மையால் வட்டமிட்டால் பிள்ளை எழுதவே பயப்படும்.

நேத்து, விழுந்துச்சு என்பவை பேச்சு வழக்கு. கதையில் ஒருவர் பேசுவதாக வந்தால் அப்படியே இருக்கட்டும். மற்ற இடங்களில் "இதை எழுதும்போது எப்படிச் சொல்வோம்?" என்று கேளுங்கள்.

'வெல்லை' எழுத்துப் பிழை. முதலில் 'பல்லி', 'பள்ளி' இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாக்கில் வேறுபாடு இல்லையென்றால் உச்சரிப்பிலிருந்து தொடங்க வேண்டும். அரை, அறை அப்படியல்ல. இன்றைய பேச்சில் பலருக்கு இரண்டும் ஒரே ஒலிதான், பார்த்துப் பழகித்தான் வரும். 'ன' சொல்லின் முதலில் வராது, 'த'வுக்கு முன் 'ந்' வரும் (பந்து, சந்தை) என்று சொல்லிக்கொடுத்தாலே ந, ன குழப்பம் பெருமளவு தீரும்.

'வீட்டுக்கு போனோம்' என்பதில் 'ப்' விடுபட்டிருக்கிறது. ஒன்பது வயதில் இந்த ஒற்றுப் பிழைக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். நிறைய வாசிக்க வாசிக்க வரும், விதியைப் பிறகு சொல்லலாம்.

4. வாரத்துக்கு ஒன்றே ஒன்று

அந்த வாரம் ல, ள மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றவை காத்திருந்தன.

5. தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய தலைப்பையே மறுபடி எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று எண்ணுங்கள். 'அதனால்', 'ஆனால்', 'அப்போது' என்று வாக்கியங்களை இணைக்கிறாளா? கண்டது, கேட்டது, முகர்ந்தது வருகிறதா? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

மதிப்பெண்ணை நினைத்துக் கவலைப்படுபவர்களுக்கு: பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் பதிவுசெய்து பொதுத்தேர்வு எழுதக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (NIOS) பத்தாம் வகுப்பில் சேரவே 14 வயது ஆக வேண்டும். கடிதம், கட்டுரை என்று நேரம் வைத்து எழுதும் பழக்கத்தைப் பன்னிரண்டு வயதில் தொடங்கினால் போதும்.

மூன்று மாதம் கழித்து என் மகள் அதே கன்றுக்குட்டியைப் பற்றி எழுதினாள். பதினோரு வரி. 'வெள்ளை' சரியாக இருந்தது. 'வீட்டுக்கு போனோம்' அப்படியேதான் இருந்தது.