நமக்கு வேண்டிய கார் கிட்டைக் கம்பெனியிடம் எப்படிக் கேட்பது? அம்பாசிடரை வைத்து ஒரு வழிகாட்டி

1/24 அளவில், அதாவது நிஜ வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில், ஒரு நல்ல அம்பாசிடர் பிளாஸ்டிக் கிட், துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டிக் கட்டுகிற மாடல். நம் ஊரில் மாடல் கார் கட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த ஆசை கட்டாயம் வெளியே வரும், ஆனால் தமியா, ஹசேகவா, ரெவெல், ஏர்ஃபிக்ஸ் என்று எந்தப் பெரிய கம்பெனியின் பட்டியலிலும் அது கிடையாது. 1/43ல் டை-காஸ்ட் (உலோகத்தில் வார்த்து முழுசாக விற்கிற) டாக்சி உண்டு. பொம்மைக் கடையில் பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற பிளாஸ்டிக் வண்டியும் உண்டு. கட்டி, பெயின்ட் அடித்து, டெகால் (எழுத்தும் சின்னமும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப் படம்) ஒட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

"அம்பாசிடர் விடுங்க சார்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் எந்தக் கம்பெனியும் அசையாது. அந்த மாதிரி ஒற்றை வரிகள் உலகம் முழுக்க இருந்து அவர்களுக்கு வந்துகொண்டே இருக்கும். எப்படி எழுதினால் ஒருவர் நின்று படிப்பார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பத்மினி, மாருதி 800, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று உங்கள் மனதில் இருக்கிற வண்டி எதுவானாலும் முறை ஒன்றுதான்.

முதலில் அவர்கள் பக்கத்துக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். கிட்டின் விலையில் பிளாஸ்டிக்கின் பங்கு ரொம்பக் கொஞ்சம், பணம் முழுக்க அச்சில் போகிறது. பாடிக்கு மட்டுமே நாலு பக்கமும் விலகுகிற எஃகு அச்சு வேண்டும், அதோடு சேஸிஸ், உள் இருக்கைகள், கண்ணாடி, குரோம் பாகங்கள், ரப்பர் டயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு. இவ்வளவு போட்டு ஒரே ஒரு வண்டியை ஒரே ஒரு முறை விற்றால் முதலே திரும்பாது. அதனால் கம்பெனிக்காரர் கேட்கிற முதல் கேள்வி, இந்த அச்சில் இருந்து எத்தனை விதமான பெட்டிகளை வெளியே விடலாம் என்பதுதான். இட்லித் தட்டில் ஒரு குழியை மட்டும் மாற்றி வைக்க முடிந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி அச்சுக்குள் சிறு துண்டுகளை மாற்றி வைத்து கிரில், பம்பர், விளக்கு இவற்றை மட்டும் வேறாக வார்ப்பார்கள்.

அமெரிக்காவின் மோபியஸ் 1952 ஹட்சன் ஹார்னெட்டை 1/25ல் கொண்டுவந்ததைப் பாருங்கள். பளபளப்பான சூப்பர் கார் இல்லை அது, அதைத் தயாரித்த கார் கம்பெனியே மூடி பல காலம் ஆன ஒரு பழைய வண்டி. ஆனால் அதே அடிப்படையில் இருந்து கன்வர்டிபிள், 1953, 1954 மாடல்கள், நாஸ்கார் என்கிற அமெரிக்கக் கார் பந்தய வடிவம் என்று வரிசையாக விட முடிந்தது. ஹசேகவாவின் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனும் அப்படித்தான், டெலிவரி வேன், மைக்ரோபஸ், பிக்கப் என்று ஒரு குடும்பமே வந்தது. அமெரிக்கக் கிட்களில் நாலு கதவு செடான்கள் குறைவாக இருப்பதற்கும் இந்தக் கணக்கே காரணம், பந்தய வடிவமும் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) வடிவமும் இரண்டு கதவு வண்டியில்தான் எடுபடும் என்று அங்கே நீண்ட காலமாக ஒரு எண்ணம். அங்கேயும் ஆட்கள் சலிக்காமல் சாதாரண செடான், ஸ்டேஷன் வேகன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், நாம் மட்டும் இல்லை.

சரி, இந்தக் கணக்கில் அம்பாசிடர் எப்படி? அருமையான வண்டி. கூரையும் கதவுகளும் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவே இல்லை. 2014ல் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கிற வரை மாறியதெல்லாம் பெரும்பாலும் முன்முகம், கிரில், விளக்குகள், டேஷ்போர்டு, அப்புறம் எஞ்சின். அதாவது மார்க் என்று எண் போட்டு வந்த மாடல்களில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, இசுசு எஞ்சின் வந்த 1800 என்று ஒரே பாடியில் இருந்து பெட்டி மேல் பெட்டியாகப் போடலாம். டெகால் மட்டும் மாற்றினால் கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சி. கூரையில் ஒரு சுழல்விளக்கு வைத்தால் வெள்ளை அரசாங்க வண்டி, 2017 மே மாதத்தோடு அந்தச் சிவப்பு விளக்குகள் போய்விட்டதால் அதற்கு இப்போது வரலாற்று மதிப்பும் சேர்ந்துவிட்டது.

இதைவிடப் பெரிய வாதம் ஒன்று இருக்கிறது, இதைத் தவறாமல் எழுதுங்கள். அம்பாசிடரின் அடிப்படை, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. ஆகவே அதே அச்சை வைத்து பிரிட்டிஷ் வாடிக்கையாளருக்கு ஆக்ஸ்ஃபோர்டு என்றும் விற்கலாம். இந்தியாவில் மட்டும் விற்கிற கிட் என்றால் ஜப்பான்காரர் யோசிப்பார், இரண்டு நாட்டில் இரண்டு பெயரில் விற்கிற கிட் என்றால் பேச்சே வேறு. உங்கள் வண்டி எதுவானாலும் இந்த இரண்டாவது நாட்டைத் தேடிப் பிடியுங்கள். பத்மினி என்றால் ஃபியட் 1100 டி, இத்தாலி வந்துவிடுகிறது. மாருதி 800 என்றால் சுசுகி ஆல்டோ, ஜப்பானே வந்துவிடுகிறது, என்னைக் கேட்டால் இந்திய வண்டிகளில் சீக்கிரம் நடக்க வாய்ப்புள்ளது இதுதான். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் ட்ரையம்ஃப் ஹெரால்டு, அதை 1/32ல் ஏர்ஃபிக்ஸ் பல வருடங்களுக்கு முன்பே செய்திருக்கிறது.

அடுத்தது வண்டியைத் துல்லியமாகக் குறிப்பிடுவது. "பழைய அம்பாசிடர்" என்று எழுதாதீர்கள், எந்த மார்க், எந்தக் கிரில் என்று எழுதுங்கள். அளவையும் சொல்லுங்கள். அமெரிக்க கிட்கள் பெரும்பாலும் 1/25, ஜப்பான், ஐரோப்பா என்றால் 1/24. அம்பாசிடரின் வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) 2464 மி.மீ. என்பதால் 1/24ல் 102.7 மி.மீ., 1/25ல் 98.6 மி.மீ. வரும். நாலு மி.மீ.தானே என்று தோன்றும், ஆனால் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும், சக்கரத்தை இன்னொரு கிட்டில் இருந்து எடுக்கும்போதும் இடிக்கும். அம்பாசிடரை 1/24ல் கேளுங்கள், ஆக்ஸ்ஃபோர்டு வாங்கக்கூடிய பிரிட்டிஷ்காரரும் ஜப்பானிய கிட்களோடுதான் அதை வைப்பார்.

உரிமம் என்கிற தொல்லையை நாமே முன்கூட்டி எடுத்துப் பேசிவிடுவது நல்லது. பேட்ஜ் போட்ட கார் கிட்டுக்குப் பெயரின் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். அம்பாசிடர் பெயரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2017ல் 80 கோடி ரூபாய்க்கு பிஎஸ்ஏ பெஜோவிடம் விற்றது, 2021ல் அந்தக் குழுமம் ஃபியட் கிரைஸ்லரோடு சேர்ந்து ஸ்டெல்லான்டிஸ் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வேறு சொந்தக்காரர். இதை இரண்டு வரியில் எழுதிவிட்டால் படிக்கிறவருக்கு ஒரு நாள் தேடல் மிச்சம், எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்பதும் புரிந்துவிடும்.

இப்போது உண்மையான வேலை: அளவும் படமும். இந்த வண்டிகள் இன்னும் நம் கண்ணெதிரே நிற்கின்றன என்பது நமக்கு மட்டுமே இருக்கிற வசதி, ஜப்பானிய கிட் கம்பெனிகள் இருக்கிற ஷிசுவோகா நகரில் உட்கார்ந்திருக்கிற வரைவாளருக்கு அது கிடையாது. ஆனால் காலம் ஓடுகிறது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றியமைக்காத, ஒரிஜினல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் முறையாக அனுமதி கேட்டு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

பக்கவாட்டுப் படத்தைக் கிட்ட நின்று போனில் எடுத்தால் நடுப்பகுதி வீங்கி, மூக்கும் வாலும் சுருங்கித் தெரியும், அதை வைத்து எதையும் அளக்க முடியாது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய், ஜூம் வைத்து, கேமராவைக் கதவுக் கைப்பிடி உயரத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். வண்டியின் பக்கத்தோடு ஒட்டி ஒரு மீட்டர் நீளக் குச்சியை நிறுத்தி வையுங்கள், அளவு அதில் இருந்து வரும். முன், பின், இரண்டு பக்கம் ஆனதும் நாலு மூலைகளில் இருந்தும் ஒவ்வொன்று. மேலிருந்து ஒன்று, மாடியில் இருந்து எடுத்தால் போதும். பிறகு டேப்பால் அளவெடுங்கள்: மொத்த நீளம், அகலம், உயரம், வீல்பேஸ், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையிலான அகலம், முன் கண்ணாடியின் மேல் கீழ் அகலங்கள், தரையில் இருந்து பம்பர் உயரம். ரிம் 15 இன்ச், 1/24ல் அது 16 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஹப் கேப், கதவுக் கைப்பிடி, பின் விளக்கு, பானெட்டின் மேல் ஓடுகிற மேடு இவற்றைத் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் படம் எடுப்பதில்லை, எடுப்பவர் தனித்துத் தெரிவார். லீஃப் ஸ்பிரிங், சைலன்சர் குழாய் போகிற பாதை, பெட்ரோல் டேங்க் இதெல்லாம் வேண்டும், சேஸிஸ் வரைகிறவருக்கு அதுதான் பொக்கிஷம்.

யாருக்கு அனுப்புவது? இதில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. பெல்கிட்ஸிடம் ரேலி கார்தான் கேட்க வேண்டும். மோபியஸ், ஏஎம்டி பெயரை வைத்திருக்கும் ரவுண்ட் 2 போன்றவர்கள் அமெரிக்க வண்டிகளில் வாழ்கிறவர்கள், அவர்களிடம் அம்பாசிடர் கேட்பதில் பயனில்லை. ஹசேகவா சுபாரு 360, பிஎம்டபிள்யூ 2002, புளூபேர்டு என்று மக்கள் அன்றாடம் ஓட்டிய வண்டிகளை மதித்துச் செய்திருக்கிறது. எப்ரோ ரெனோ 4 செய்த கம்பெனி. ஏர்ஃபிக்ஸ் பிரிட்டிஷ், ஆக்ஸ்ஃபோர்டு என்றால் அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி ஆண்டுத் தொடக்கத்திலும் ஷிசுவோகா ஹாபி ஷோ மே மாதத்திலும் நடக்கும், அந்த வாரங்களில் அவர்கள் எல்லோரும் வேறு வேலையில் இருப்பார்கள், அது முடிந்து அடுத்த பட்டியலை யோசிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் போய்ச் சேரட்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக, அவர்கள் மொழிபெயர்த்துப் படிக்க வசதியாக எழுதுங்கள். சாரம் இப்படி இருக்கலாம்:

"1/24ல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 / அம்பாசிடர் மார்க் 2 கிட் ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். ஒரே பாடி அச்சில் இருந்து நான்கு பெட்டிகள் வரலாம்: ஆக்ஸ்ஃபோர்டு, மார்க் 2, மார்க் 4, கொல்கத்தா டாக்சி. மாறும் பாகங்கள் கிரில், முன் விளக்குச் சுற்று, டேஷ்போர்டு, டெகால். பெயர் உரிமை பற்றிய குறிப்பு கீழே. அளவெடுத்த படங்கள் இணைப்பில் உள்ளன, இன்னும் வேண்டுமானால் எடுத்துத் தருகிறோம். கீழே பெயர் கொடுத்துள்ள அனைவரும் முன்பதிவு செய்யத் தயார்."

கடைசி வரியில் பொய் கூடாது. இருபது பேர்தான் என்றால் இருபது என்றே எழுதுங்கள், ஒவ்வொருவரும் எந்த வடிவத்தை வாங்குவார்கள் என்பதையும் சேர்த்து. ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்த பட்டியலைவிட, காசு கொடுக்கத் தயாரான இருபது பேரின் பட்டியலுக்கு எடை அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். அதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும்: நமக்குப் பிடித்த வகையில் ஒரு சாதாரணக் குடும்பக் கார் கிட் வரும்போது அதைப் புதிதாக, கடையில் வாங்குங்கள். செடான் கேட்டுவிட்டு, வந்த செடானை வாங்காமல் பத்தாவது நிசான் ஸ்கைலைன் கிட்டை வாங்கினால், அவர்கள் பார்ப்பது விற்பனைக் கணக்கை மட்டும்தான்.

பெரிய கம்பெனி பதில் போடாவிட்டால் அதே கோப்பை அப்படியே ரெசின் என்கிற பிசினைச் சிலிக்கான் ரப்பர் அச்சில் ஊற்றிக் கையால் வார்க்கிற சிறிய தயாரிப்பாளருக்கு அனுப்பலாம். சிலிக்கான் அச்சு சில பத்து வார்ப்புகளுக்கு மேல் தாங்காது, ஆனால் அவருக்கு விற்க வேண்டியதும் அவ்வளவுதான். த்ரீடி பிரின்ட் என்றால் அச்சே வேண்டாம். நீங்களே பிரின்ட் எடுப்பதானால் பாடியின் சுவரை ஒன்றேகால், ஒன்றரை மி.மீ. தடிமனில் வையுங்கள், மெல்லியதாக்கினால் கூரை வளைந்துவிடும். பிரின்ட் ஆகும்போது பாடியைத் தாங்கிப் பிடிக்கிற தாங்கு கால்கள் எல்லாம் உள்பக்கம் வரும்படி சாய்த்து வையுங்கள், வெளியே வந்தால் தேய்த்தே பாதி நாள் போகும். கழுவிக் காயாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கண்ணாடிக்கு ஓஎச்பி ஷீட் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தாள், குரோம் பட்டைக்கு ஒட்டுகிற உலோகத் தாள் போதும். எஞ்சின் காட்ட ஆசை இருந்தால் எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கிட்டின் எஞ்சினைத் தேடுங்கள், அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் அதுவும் ஒரே பிஎம்சி பி சீரிஸ் குடும்பம், மேலே இருக்கிற சில்லறைகளை மாற்றினால் நன்றாகவே பொருந்தும். இப்படி ஒன்றைக் கட்டி முடித்தால் அதன் படத்தையும் அடுத்த கடிதத்தில் வையுங்கள்.

ஒருவேளை எந்தக் கம்பெனியாவது அறிவித்தே விட்டால் நம் வேலை அங்கே முடியவில்லை. முதலில் கணினிப் படம் வரும், பிறகு சாம்பல் நிற டெஸ்ட் ஷாட், அதாவது புது அச்சில் இருந்து சோதனைக்காக எடுத்த முதல் வார்ப்பு, வரும். அந்த இடைவெளியில்தான் திருத்தம் சாத்தியம், பெட்டி கடைக்கு வந்த பிறகு யார் என்ன சொன்னாலும் எஃகு மாறாது. உங்கள் பக்கவாட்டுப் படத்தை எடுத்து அவர்களுடையதன் மேல் அதே அளவில் வைத்துப் பாருங்கள். கூரை பின்னால் இறங்குகிற வளைவு, பின் சக்கரத்தின் மேல் வளைவு, முன் விளக்கின் உயரம், இந்த மூன்றில் பிசகினால் வண்டி வேறு யாரோ மாதிரி இருக்கும். பிசகு இருந்தால் கோபப்படாமல், எந்த இடத்தில் எத்தனை மி.மீ. என்று எழுதி, அளந்த படத்தோடு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.