காதில் வைத்த இயர்பிளக் எவ்வளவு சத்தம் குறைக்கிறது? நீங்களே அளக்கலாம்

குடியாத்தத்தில் என் பெரியப்பாவுக்கு நாலு விசைத்தறி. காதில் கழிவு நூலைச் சுருட்டி அடைத்துக்கொண்டுதான் தறி ஓட்டுவார். நுரை இயர்பிளக் வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் என்.ஆர்.ஆர். (சத்தம் எவ்வளவு குறையும் என்ற மதிப்பீடு) 33. “33 டெசிபல் குறையும்னு போட்டிருக்கான், எனக்கு ஒண்ணும் தெரியலையேடா” என்றார். அது ஆய்வகத்தில் எடுத்த எண். நம் காதுக்கு எவ்வளவு என்று பார்க்க இப்படிச் செய்யுங்கள்.

காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போன் வேண்டும். கம்பி வைத்தது நல்லது. போனில், ஒரே சுருதியில் ஒலி எழுப்பி அதன் அளவை டெசிபலில் காட்டும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்று. நேரம், ஊர் அடங்கிய விடியற்காலை. தறியை விட்டு வந்த கையோடு உட்காராதீர்கள், காது மந்தமாக இருக்கும்.

1. ஆப்பில் 500 ஹெர்ட்ஸ் வையுங்கள். பிளக் சரியாக உட்காராவிட்டால் தாழ்ந்த ஒலிதான் முதலில் உள்ளே கசியும், அதனால்தான் இந்த எண். சத்தத்தை இடது காதுக்கு மட்டும் திருப்புங்கள்.

2. பிளக் இல்லாமல் ஹெட்போனை மட்டும் மாட்டி, ஒலி கேட்காமல் போகும்வரை ஆப்பில் குறைத்து, மறுபடி மெல்ல ஏற்றுங்கள். லேசாகக் கேட்கத் தொடங்கும் எண்ணைக் குறியுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஸ்லைடர் அடிமட்டத்துக்குப் போயும் கேட்டால், போன் வால்யூமைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து. அதன் பிறகு வால்யூமைத் தொடவே கூடாது.

3. இப்போது பிளக். சுத்தமான கையால் சுருக்கம் விழாமல் ஊதுவத்தி மாதிரி மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்னே இழுத்து உள்ளே விடுங்கள். விரலை எடுக்காமல் 30 நொடி பிடியுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

4. ஹெட்போன் மாட்டி மறுபடி அளங்கள். முன்பு -62, இப்போது -40 என்றால் 22 டெசிபல் குறைகிறது.

அப்புறம் வலது காது.

பெரியப்பாவுக்கு வலதில் 21, இடதில் வெறும் 6! இடது பக்கம் வைத்ததும் விரலை எடுத்துவிட்டார். உட்கார வைத்து மறுபடி மாட்டினேன், 19 வந்தது. கழிவு நூலையும் விடவில்லை, அளந்தோம்: 3.

22 வந்ததென்று தறிச் சத்தத்தில் அப்படியே கழித்துவிடாதீர்கள். இது ஒரே ஒரு அலைவரிசையின் கணக்கு. தோராயத்துக்கு, அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வழி ஒன்று இருக்கிறது: என்.ஆர்.ஆரில் 7 கழித்துப் பாதியாக்குவது. 33க்கு 13. தறிக்கூடத்தில் 95 டெசிபல் என்றால் காதுக்கு 82 போகும். காதை மூடும் இயர்மஃப்புக்கு மேலே ஹெட்போன் உட்காராது, அதை இந்த வழியில் அளக்க முடியாது.