ஹீட்டர் வாங்கும் முன் இடுக்கை அடையுங்கள்

கேரேஜைப் பட்டறையாகப் பயன்படுத்துவோர், குளிர் தாங்காமல் இன்னும் பெரிய ஹீட்டர் வாங்குவதற்கு முன், காற்று வீசும் ஒரு நாளில் பெரிய கதவை மூடிவிட்டு, எரியும் ஊதுபத்தியை அதன் அடியிலும் பக்கங்களிலும் மெதுவாக நகர்த்தி, புகை சட்டென வளையும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அங்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டிவிடுவது நல்லது. பெட்ரோல், தின்னர் போன்றவற்றை முதலிலேயே வெளியே எடுத்து வைத்து, அவற்றின் வாடை போன பிறகே பத்தியைப் பற்றவைக்க வேண்டும்.

2.4 மீட்டர் அகலக் கதவின் அடியில் வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே, அது 72 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய உள்ளங்கை அளவுள்ள ஓட்டைக்குச் சமம். சூடான காற்று மேலெழுந்து கூரையோர இடுக்குகள் வழியே வெளியேற வெளியேற, அதற்கு ஈடாகக் குளிர்காற்று இந்த ஓட்டை வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. இதை அடைக்காமல் சுவரெல்லாம் தெர்மாகோல் பலகை பதிப்பது, என் பார்வையில், ஓட்டை வாளியில் நீர் இறைப்பதுதான்.

எரிவாயு, மண்ணெண்ணெய் ஹீட்டர்களின் புகை வெளியே செல்லக் குழாய் இல்லாத இடத்தில் இந்த முறை அறவே கூடாது. ஏனெனில் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே பறிக்கக்கூடும். பெயின்ட், வார்னிஷ் அடிக்கும் நாட்களில் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். வாரத்தில் அரைமணி நேரம் மட்டும் வேலை செய்பவருக்கு இவ்வளவு சிரமமும் தேவையில்லை. மேசையை நோக்கித் திருப்பிய மின்சார அகச்சிவப்பு ஹீட்டர் ஒன்றே போதும்.