போகத்துக்கு வரும் காசும் மாதத்துக்குக் கட்டும் தவணையும்: கிழக்கின் சிறு வணிகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு கடை மூடப்பட்டால், "வியாபாரம் இல்லை" என்று ஊரார் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்தால் பல வேளைகளில் வேறு காரணம் தெரியவரும். விற்பனை நடந்திருக்கும், இலாபமும் இருந்திருக்கும். ஆனால் காசோலை வங்கிக்கு வந்த அன்று கணக்கில் பணம் இருந்திருக்காது. நட்டத்தால் விழும் கடைகளைவிட, காசு வரவேண்டிய நாளில் வராததால் விழும் கடைகளே நமது பகுதியில் அதிகம் என்பது என் கணிப்பு. அதற்கு இந்த மண்ணின் தொழிலமைப்பே காரணமாக இருக்கிறது. பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைத்து பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை செய்கிறோம்; சிறுபோக நெல் ஓகஸ்ட், செப்டெம்பரில் வீடு வருகிறது. அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் சுற்றுலாப் பயணிகளின் வருகை ஏப்ரலுக்குப் பிறகுதான் சூடுபிடித்து, வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் ஓய்ந்துவிடுகிறது. மருதமுனைத் துணிகளுக்குப் பண்டிகைகளின் முன்னர்தான் கேள்வி எழுகிறது. வருமானம் இவ்வாறு பருவத்தைப் பார்த்து வர, கடை வாடகையும் வங்கித் தவணையும் மின்கட்டணமும் மாதந்தோறும் தவறாமல் வருகின்றன. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காமையின் விளைவுகளே.

கொப்பியில் இருக்கும் இலாபம்

களுவாஞ்சிகுடியிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஓர் உரக்கடையை எடுத்துக்கொள்வோம். விதைப்புக் காலத்தில் 10 இலட்சம் ரூபாவுக்கு உரமும் கிருமிநாசினியும் கொள்முதல் செய்யும் கடைக்காரர், அவற்றை விவசாயிகளுக்கு 11 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவுக்குக் கடனாக விற்கிறார். கொப்பியின்படி இலாபம் 150,000 ரூபா. விநியோகத்தருக்கு அவர் கொடுத்த காசோலை 45 நாட்களில் வங்கிக்குப் போகும். விவசாயியின் காசோ நெல் விற்ற பின்னர், ஏறத்தாழ 120 நாட்கள் கழித்துத்தான் வரும். இடையில் உள்ள 75 நாட்களுக்கு அந்தப் 10 இலட்சத்தை யாராவது சுமக்க வேண்டும். வங்கியில் ஆண்டுக்கு 15 சதவீத வட்டிக்கு மேலதிகப்பற்று (கணக்கில் உள்ளதற்கு மேல் பணம் எடுக்கும் வசதி) கிடைத்தால் அந்தச் சுமை ஏறத்தாழ 31,000 ரூபா. வங்கி மறுத்து, வெளியில் மாதத்துக்கு நூற்றுக்கு 5 வட்டிக்கு எடுத்தால் அதுவே 125,000 ரூபா ஆகிறது. இனி, கொடுத்த கடனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 115,000 ரூபா, திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் பணத்தில் நடத்தியவருக்கு ஒரு போகம் முழுவதும் உழைத்ததற்கு 4,000 ரூபா அளவில் மிஞ்சும். வெளிவட்டிக்கு எடுத்தவர் கையிலிருந்து 90,000 ரூபா போட வேண்டும். கடை வாடகையும் வேலைப்பையனின் சம்பளமும் இதில் இன்னும் சேரவில்லை.

ஆகவே கடன் விற்பனையின் விலையைத் தீர்மானிக்கும்போது, எத்தனை நாள் காத்திருக்கப் போகிறோம், அந்த நாட்களின் செலவு எவ்வளவு, எத்தனை பேர் தராமல் போகக்கூடும் என்ற மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்பதை மட்டும் பார்த்து விலை வைப்பது, அவரது தவறையும் சேர்த்து நாம் சுமப்பதாக முடியலாம். கடன் கொப்பியில் தொகைக்கு நேரே வாங்கியவரின் கையொப்பத்தையும் திகதியையும் பெறுவதற்குக் கூச்சப்படலாகாது. சொந்தக்காரராயிற்றே, ஒரே ஊராயிற்றே என்று விட்ட இடத்தில்தான் பின்னர் காசோடு உறவும் போகிறது. விநியோகத்தரிடமும் பேசிப் பார்க்கலாம். ஒரே காசோலைக்குப் பதிலாக ஒரு பகுதியை 45 நாளுக்கும் மீதியை அறுவடைக்குப் பின்னரும் செலுத்த இணங்குவோர் இருக்கிறார்கள். கேட்காதவருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

போகம் பொய்க்கும் ஆண்டுகளும் உண்டு. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளம் விதைத்த வயல்களை மூழ்கடித்தது. அறுவடைக் காசை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரரும் அப்போது விவசாயியுடன் சேர்ந்தே நனைகிறார். குறைந்தது மூன்று மாத வாடகையையும் தவணையையும் ஈடுசெய்யும் தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்திராத கடை, ஒரு கெட்ட போகத்தைத் தாண்டுவது கடினம்.

மார்ச்சில் காணி, ஒக்டோபரில் கடன்

நமது பகுதி வணிகர்களிடம் நான் மிகுந்த கவலையுடன் காணும் தவறு இதுதான். அறுவடை முடிந்து பழைய கடன்கள் அறவாகி, லாச்சியும் வங்கிக் கணக்கும் நிறைந்திருக்கும் மார்ச் மாதத்தில் ஒரு காணித்துண்டு விலைக்கு வருகிறது. கையில் காசு இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கடையின் சுழற்சிப் பணம் முழுவதும் அதில் போய்விடுகிறது. ஒக்டோபரில் சாமான் இறக்க வேண்டியபோது அந்தக் காணியை விற்க ஆள் கிடைப்பதில்லை. ஆகவே அதே வணிகர் நகையை அடகு வைத்தோ வெளிவட்டிக்கு எடுத்தோ முதல் தேடுகிறார். காணி நல்ல முதலீடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் லாச்சியில் இருக்கும் காசு எல்லாம் இலாபம் ஆகாது. அதன் பெரும்பகுதி அடுத்த போகத்தின் கொள்முதல். வருகின்ற கொள்முதலுக்கும் காசோலைகளுக்கும் வரிக்கும் ஒதுக்கிய பின்னர் மிஞ்சுவதை மட்டுமே காணிக்கோ தங்கத்துக்கோ பங்குச் சந்தைக்கோ கொண்டுபோக வேண்டும்.

லாச்சியிலிருந்தே வீட்டுச் செலவும் செய்யும் பழக்கமும் இதே மயக்கத்தை வளர்க்கிறது. உரிமையாளர் தமக்கென ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயித்து எடுத்து, கடைக்கு வேறாக ஒரு நடைமுறைக் கணக்கை வைத்திருந்தால் போதும். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்திருந்தால் அந்தப் பெயரிலேயே கணக்கைத் திறக்கலாம். பிற்காலத்தில் வங்கிக் கடன் கேட்டுப் போகும்போது, விற்பனை அந்தக் கணக்கின் வழியாக ஓடியிருப்பதைத்தான் அலுவலர் முதலில் பார்ப்பார்.

கடன் வாங்கும்போது

மேலதிகப்பற்று எடுத்துக் கடைக்கு மேல்மாடி கட்டுவது, ஐந்து ஆண்டு தவணையில் எடுத்த கடனால் ஒரு பருவத்துச் சாமான் வாங்குவது ஆகிய இரண்டும் தவறு. சில மாதங்களில் காசாகிவிடும் பொருளுக்குக் குறுகிய காலக் கடனும், ஆண்டுக்கணக்கில் பயன் தரும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் நீண்ட காலக் கடனும் பொருந்தும். தவணைத் திகதியையும் வருமானத்துக்கு ஏற்பக் கேட்டுப் பெற முயல வேண்டும். பொத்துவிலில் விடுதி நடத்துபவர் மழைமாதங்களிலும் முழுத் தவணை கட்டும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர், அம்மாதங்களில் வட்டியை மட்டும் செலுத்த இடமுண்டா என்று கேட்டிருக்க வேண்டும்.

வட்டியைச் சொல்லும் முறையில் உள்ள மறைப்பு பலருக்குப் புரிவதில்லை. 100,000 ரூபாவை ஓராண்டுக்கு "மாதம் 2 சதவீதம்" என்று கொடுக்கும் நிறுவனம், ஆண்டு முழுவதற்கும் ஆரம்பத் தொகையின் மீதே வட்டியைக் கணக்கிட்டால் மொத்த வட்டி 24,000 ரூபா; மாதத் தவணை 10,333 ரூபா. பார்வைக்கு இது 24 சதவீதம். ஆனால் மாதந்தோறும் முதலும் குறைந்துகொண்டே வருவதால், ஆறாம் மாதம் முடியும்போது கடன்பட்டவரின் கையில் ஏறத்தாழ அரைவாசிப் பணம்தான் இருக்கும். இருந்தும் வட்டி முழுத்தொகைக்கே கட்டப்படுகிறது. குறையும் மீதியில் கணக்கிட்டால் இக்கடனின் உண்மையான ஆண்டு வீதம் ஏறத்தாழ 42 சதவீதம். வங்கி ஒன்று குறையும் மீதியில் 20 சதவீதம் என்று சொன்னால், அது இந்த "மாதம் 2 சதவீத"த்தைவிடப் பாதிக்கும் குறைந்த செலவாகும். இதனுடன் ஆவணக் கட்டணத்தையும் காப்புறுதியையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டால் உண்மை வீதம் இன்னும் ஏறும். கையில் வந்த தொகை எவ்வளவு, மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது எவ்வளவு, எத்தனை மாதங்களில் என்பவற்றை எழுத்தில் வாங்கிய பின்னரே ஒப்பிட வேண்டும். வட்டியைத் தவிர்த்து, வங்கி பொருளை வாங்கி இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் முராபஹா முறையில் கொள்முதல் செய்யும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இந்த ஒப்பீடு தேவை. விற்பனை விலையில் சேர்க்கப்படும் இலாபத்தையும் தாமதமானால் என்ன நடக்கும் என்பதையும் அவர்களும் கேட்டறிய வேண்டும்.

ஒரு கடனின் வாரத் தவணையைக் கட்ட இன்னொரு கடனை எடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நுண்கடன் பட்ட பெண்களின் வாழ்க்கையில் நமது கிராமங்கள் கண்டுவிட்டன. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் அத்தகைய கடன்களின் ஒரு பகுதியை அரசே ஏற்கும் நிலை 2018 இல் வந்தது.

மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று கேளாமல் கையொப்பமிடுவதும் பெருந்தவறு. இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8 அன்று வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக அமையும் தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டின் இறுதியில், வங்கிகள் தம் முதல்தர வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த கடனின் சராசரி வீதமே 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாறும் வட்டியில் கடன்பட்டிருந்த சிறு வணிகரின் தவணை, அவர் எந்தத் தவறும் செய்யாமலேயே ஏறியது.

வீட்டு உறுதியை ஈடு வைப்பது பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிழக்கில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருப்பவை. கணவரின் வியாபாரத்துக்காக அவ்வுறுதி வங்கிக்குப் போகும்போது, மனைவி வெறும் கையொப்பக்காரியாக அங்கே அழைக்கப்படுகிறார். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலேயே ஏலமிடும் அதிகாரத்தை, சில வரம்புகளுடன், வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. தொகையையும் தவணையையும் தவறினால் நேர்வதையும் அப்பெண் முழுமையாக அறிந்து, மறுக்கும் உரிமையோடு ஒப்பமிட வேண்டும் என்பதில் எந்தக் குடும்பமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

காசோலைப் புத்தகம்

பின்திகதியிட்ட காசோலைகளில்தான் நமது மொத்த வியாபாரம் ஓடுகிறது. அவற்றை எழுதிக் கொடுத்துவிட்டு அடிக்கட்டையில் திகதியைக் குறிக்காமல் விடுவதும், யாரோ தரவேண்டிய காசோலையை நம்பி இன்னொருவருக்கு அதே நாளுக்குக் காசோலை கொடுப்பதும் தொடர்ந்து நடக்கின்றன. ஒருவரின் காசோலை திரும்பினால் அதை நம்பியிருந்த மூன்று பேரின் காசோலைகளும் திரும்புகின்றன. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை வழங்குவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்கீழ் குற்றமாகும். கொடுத்த காசோலைகளையும் வரவேண்டிய காசோலைகளையும் ஒரே நாட்காட்டியில் திகதிவாரியாக எழுதி, வரவேண்டியதற்கும் கொடுக்க வேண்டியதற்கும் இடையில் ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது. பணம் போதாது என்று தெரிந்தால், காசோலை திரும்பிய பின்னர் ஒளிவதைவிட, திகதிக்கு முன்னரே பெறுநரிடம் சொல்லி மாற்றுக் காசோலை கொடுப்பது வியாபார நாணயத்தைக் காக்கும்.

மிஞ்சிய பணத்தை வைக்கும் இடம்

அதிக வட்டி என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை ஒப்படைப்பவர்களுக்கு இந்நாடு பல பாடங்களைத் தந்திருக்கிறது. பிரமுக வங்கி 2002 இலும், கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி 2008 இலும் வீழ்ந்தன. த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 இல் இரத்துச் செய்யப்பட்டது. பணம் வைக்கும் முன் அந்நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதை அவ்வங்கியின் பட்டியலில் பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே நிதிக் கம்பனியில் குவிக்காமல் பிரித்து வைப்பது பாதுகாப்பானது. கூட்டுறவுச் சங்கங்களில் வைக்கும் பணமும் ஊர்ச் சீட்டில் கட்டும் பணமும் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. ஆள் சேர்த்தால் பணம் என்னும் பிரமிட் திட்டங்கள் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அவற்றை நமக்கு அறிமுகப்படுத்துபவர் ஆசிரியராகவோ பள்ளிவாசல் நிருவாகியாகவோ கோவில் வண்ணக்கராகவோ இருந்தாலும் அந்த உண்மை மாறாது.

பிணைக் கையொப்பம்

பிணை நிற்பதை ஓர் உதவியாக மட்டும் எண்ணிக் கையொப்பமிடுவோர் பலர். கடன்பட்டவர் கட்டாவிட்டால் பிணையாளியும் அதே தொகைக்குப் பொறுப்பாளி. இலங்கைக் கடன் தகவல் பணியகத்தில், பலர் "கிறிப்" என்று சொல்லும் அந்த இடத்தில், பிணை நின்ற கடன்களும் பதிவாகின்றன. திரும்பிய காசோலைகளும் அங்கே ஏறுகின்றன. பெரும்போகக் கொள்முதலுக்காகச் செப்டெம்பரில் வங்கிக்குப் போகும்போதுதான், என்றோ மைத்துனருக்குப் போட்ட பிணைக் கையொப்பம் விண்ணப்பத்தைத் தடுத்து நிற்பது சிலருக்குத் தெரியவருகிறது. தமது கடன் அறிக்கையை ஒருவர் தாமே பெற்றுப் பார்க்க முடியும். ஜூலையிலோ ஓகஸ்டிலோ அதைப் பெற்று, கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால், பற்றுச்சீட்டுகளுடன் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுத்தில் அறிவித்துத் திருத்தச் செய்தால், ஒக்டோபரில் சாமான் இறக்கும் நாளுக்கு முன்னர் அதற்குப் போதிய கால அவகாசம் இருக்கும்.