செஸ் செட் வாங்குறதுக்கு முன்னாடி குதிரையப் பாருங்க

ராஜா, ராணி, சிப்பாய் எல்லாம் கடைசல்ல சுத்திச் சுத்தி எடுத்துடலாம், குதிரைத் தலைய மட்டும் உளி வச்சு கையால செதுக்கணும், அதனால மரத்துல செஞ்ச ரெண்டு செட்ட ஒப்பிடணும்னா ரெண்டு குதிரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும்.

முதல்ல முகம். 1849ல லண்டன்ல ஜாக்ஸ் கம்பெனி விட்ட ஸ்டாண்டன் செட்தான் இன்னிக்கும் அளவுகோல், அந்தக் குதிரைக்கு மாதிரி பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற, பார்த்தெனான்ங்கிற பழைய கிரேக்கக் கோயிலோட சிலைகள்னு பொதுவா சொல்வாங்க. மூக்கு ஓட்டை, கண் இமை, பல்லு, பிடரிமயிர்ல வெட்டு எவ்வளவு ஆழம்னு பாருங்க. மலிவு செட்ல பிடரி வெறும் நாலு கோடுதான், சிலது பாத்தா குதிரையா கழுதையான்னே சந்தேகம் வரும் 😄

அப்புறம் நாலு குதிரையையும் வரிசையா நிறுத்துங்க, கைவேலைன்னா லேசா வித்தியாசம் இருக்கும் அது தப்பில்ல, ஆனா ஒண்ணு தலை குனிஞ்சும் இன்னொண்ணு நிமிர்ந்தும் இருந்தா வேண்டாம். காது மெலிசா நீட்டிட்டு இருந்தா கீழ விழுந்ததும் முதல்ல உடையறது அதுதான், நான் ஒண்ணு அப்படித்தான் இழந்தேன்.

உயரம், உலக செஸ் சம்மேளனமான ஃபிடே சொல்றபடி, ராஜா 9.5 செமீன்னா குதிரை சுமார் 6 செமீ. தினமும் ஆட சிம்பிளான குதிரையே போதும், அலமாரில வைக்கத்தான் அலங்காரக் குதிரை.