ததாமி ரயில் பாதையில் நான்கு நாள்: திட்டமிடுவதற்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில் உள்ள ஐசு-வகாமாட்சு நகரிலிருந்து நீகாத்தா மாநிலத்தின் கோய்தே வரை, மலைகளுக்கும் ததாமி ஆற்றுக்கும் இடையே 135.2 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்வது ததாமி பாதை. ஒற்றைத் தண்டவாளம் கொண்ட இப்பாதையில் ஒன்று அல்லது இரண்டு பெட்டிகள் கொண்ட டீசல் வண்டிகளே ஓடுகின்றன. முழுப் பாதையையும் ஒரே மூச்சில் கடந்தால் நான்கரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அப்படிக் கடந்து செல்பவர்களே அதிகம். ஆனால் வண்டியின் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு, பாதை ஆற்றைக் கடக்கும் பாலங்களின் அழகு தெரியாது. ஒரு பாலத்தைக் கடப்பதற்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. ஆகவே நடுவே ஓர் ஊரில் இறங்கி ஓர் இரவாவது தங்குங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. கீழே வரும் திட்டம் முழுவதும் அந்த ஓர் இரவைச் சுற்றியே அமைந்துள்ளது.

திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியது கால அட்டவணை. பிறகு தங்கும் விடுதி. கடைசியாகத்தான் பார்க்கும் இடங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஐசு-கவாகுச்சிக்கும் ததாமிக்கும் இடையே நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் மூன்று வண்டிகள் மட்டுமே ஓடுகின்றன. ஐசு-வகாமாட்சுவிலிருந்து கோய்தே வரை செல்லும் வண்டிகள் காலை ஆறு மணியை ஒட்டியும், பகல் ஒரு மணியை ஒட்டியும், மாலை ஐந்து மணியை ஒட்டியும் புறப்படுவது வழக்கம். கவாகுச்சி வரை மட்டும் செல்லும் வண்டிகள் கூடுதலாகச் சில உண்டு. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நான்கு மணி நேரமோ அதற்கும் மேலாகவோ காத்திருக்க நேரலாம், அந்த நேரத்தில் பேருந்தோ டாக்சியோ கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் புறப்படுவதற்கு முன்வாரம் ரயில் நிறுவனத்தின் அட்டவணையை ஒருமுறை சரிபார்த்து, காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பள்ளத்தாக்கிலும் சுரங்கங்களிலும் கைப்பேசிச் சமிக்ஞை அறுந்து போவதுண்டு.

இத்தனை குறைவான வண்டிகள் ஓடும் பாதை இன்னும் உயிரோடு இருப்பதே ஒரு கதை. 2011 ஜூலையில் பெய்த பெருமழையில் ததாமி ஆறு பொங்கி, வரிசை எண்ணால் பெயரிட்ட ஆற்றுப் பாலங்களில் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது பாலங்களைச் சிதைத்தது. கவாகுச்சிக்கும் ததாமிக்கும் இடைப்பட்ட 27.6 கிலோமீட்டர் பதினோரு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அங்கே பேருந்தே போதும் என்ற யோசனை எழுந்தபோதும், மாநில அரசும் ஆற்றோர ஊர்களும் ரயிலை விட்டுக்கொடுக்கவில்லை. தண்டவாளத்தையும் பாலங்களையும் ஃபுகுஷிமா மாநிலம் ஏற்றுப் பராமரிப்பது, வண்டிகளை ஜே.ஆர். கிழக்கு நிறுவனம் ஓட்டுவது என்ற ஏற்பாட்டின்பேரில் 2022 அக்டோபர் 1 அன்று அந்தப் பகுதி மீண்டும் திறக்கப்பட்டது. நீங்கள் இறங்கித் தங்கிச் செலவிடும் பணத்துக்கு இந்த ஊர்களில் பொருள் உண்டு என்பதை இதனால்தான் சொல்கிறேன்.

பருவத்தைத் தேர்வதில் பலரும் அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் முற்பாதி வரையிலான இலையுதிர் நிறங்களையே நாடுகிறார்கள். காட்சி உண்மையிலேயே ஈடற்றதுதான். ஆனால் முன்பதிவு இருக்கை இல்லாத சிறு வண்டியில் வார இறுதிகளில் நின்றுகொண்டே வர நேரும். கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு மே மாதத்தின் இளம்பச்சை ஏற்றது. எனக்கு மிகப் பிடித்தமானது கோடையின் விடியற்காலை. மலைப்பனி உருகி வரும் குளிர்ந்த ஆற்று நீரின் மேல் ஈரமான வெதுவெதுப்பான காற்று படும்போது நீர்ப்பரப்பு முழுவதும் மூடுபனி எழுந்து பாலத்தின் கால்களை மறைத்துவிடும். குளிர்காலத்தில் செல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ததாமிக்கும் மாநில எல்லைக்கு அப்பாலுள்ள ஓஷிராகாவாவுக்கும் இடையே கடும் பனிப்பொழிவால் ரயில் நாள்கணக்கில் நின்றுவிடுவதுண்டு, அங்குள்ள மலைக்கணவாயைக் கடக்கும் 252ஆம் எண் நெடுஞ்சாலையும் குளிர்காலம் முழுக்க மூடப்பட்டிருக்கும். அப்போது கோய்தே வரை செல்லும் எண்ணத்தை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்புவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பயணச்சீட்டில் பலரும் அறியாத ஒரு வசதி உள்ளது. ஜப்பானிய ரயில் விதிகளின்படி, பெருநகரச் சுற்று வட்டாரங்களுக்கு வெளியே, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்கு வாங்கும் சாதாரணக் காகிதச் சீட்டில் வழியில் எந்த நிலையத்திலும் இறங்கி மீண்டும் ஏறலாம். 200 கிலோமீட்டர் வரையிலான சீட்டு இரண்டு நாட்களுக்குச் செல்லும். ஆகவே ஐசு-வகாமாட்சு நிலைய முகப்பில் கோய்தே வரை ஒரே சீட்டாக வாங்கினால், நடுவில் ஓர் இரவு தங்கி மறுநாள் அதே சீட்டில் தொடரலாம். கட்டணம் 3,000 யென்னுக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, சென்ற வழியில் பின்னோக்கித் திரும்பக் கூடாது. ஆளில்லாத நிலையத்தில் இறங்கும்போது சீட்டை ஓட்டுநரிடம் காட்டி ‘தோச்சு கெஷா’ என்று சொல்லுங்கள். வழியில் இறங்குகிறேன் என்று பொருள். சீட்டைப் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டு இல்லாமல் சிறு நிலையத்தில் ஏறுவோர் கதவருகே உள்ள கருவியிலிருந்து ‘செய்ரிகென்’ எனப்படும் எண் சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது முன்பக்கத் திரையில் அந்த எண்ணுக்கு நேரே காட்டும் தொகையைச் சில்லறையாகச் செலுத்த வேண்டும். தொகைப் பெட்டி மீதி தராது என்பதால், வண்டி நிற்கும்போதே அருகிலுள்ள கருவியில் 1,000 யென் தாளைச் சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். டோக்கியோவில் பழகிய தொடு அட்டையை நம்பி இப்பாதையில் ஏறாதீர்கள். இடைப்பட்ட சிறு நிலையங்களில் அதைப் படிக்கும் கருவி இல்லை. நாடு முழுவதற்குமான ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்துவிட்டதால், இந்தப் பயணத்துக்காக மட்டும் அதை வாங்குவது வீண்செலவு.

முதல் நாள் டோக்கியோவிலிருந்து தோஹோகு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கோரியாமாவுக்குச் சென்று, அங்கிருந்து பான்எட்சு மேற்குப் பாதையில் ஐசு-வகாமாட்சுவை அடையுங்கள். மாறும் நேரத்தையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். பெரிய பெட்டியை டோக்கியோ விடுதியிலேயே ‘தக்யூபின்’ சேவையில் ஒப்படைத்து, நான்காம் நாள் நீங்கள் தங்கப்போகும் விடுதிக்கு அனுப்பிவிட்டால் தோள்பை ஒன்றுடன் நிம்மதியாக இறங்கி ஏறலாம். வகாமாட்சுவில் செந்நிற ஓடு வேய்ந்த ட்சுருகா கோட்டையையும், ஏறும் படியும் இறங்கும் படியும் ஒன்றையொன்று சந்திக்காமல் இரட்டைச் சுருளாக 1796இல் கட்டப்பட்ட சசாயேதோ மரக்கோயிலையும் பார்க்க மாலை நேரம் போதும். அன்றிரவே போதிய ரொக்கம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டையை ஏற்கும் ஏடிஎம் ஆற்றோர ஊர்களில் அஞ்சலகத்தில்தான் கிடைக்கும். அதுவும் இரவில் இயங்காது.

இரண்டாம் நாள் காலை முதல் வண்டியில் ஏறிவிடுங்கள். அதன்பின் கவாகுச்சி வரை செல்லும் இன்னொரு வண்டி ஒன்றரை மணி நேர இடைவெளியில் கிளம்புவது வழக்கமாதலால், நடுவே ஐசு-யனாய்சுவில் இறங்கி என்சோஜி கோயிலைப் பார்த்துவிட்டு அந்த அடுத்த வண்டியில் தொடரலாம். ஆற்றை நோக்கிய பாறை முகப்பின் மேல் நிற்கும் இக்கோயில் 807இல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கோயில் கட்ட மரம் சுமந்து உதவிய செந்நிற மாட்டின் நினைவாகவே, தலையாட்டும் அகாபெகோ பொம்மை பிறந்தது என்பது இவ்வூர் வழக்கு. கோயில் வீதிக் கடைகளில் ‘அவா மஞ்சு’ என்ற சூடான பலகாரத்தை வாங்கிச் சாப்பிடுங்கள். ‘அவா’ என்பது நம் தினைதான். தினையை அரிசியோடு சேர்த்துச் சிவப்புப் பயற்று இனிப்பைப் பொதிந்து ஆவியில் வேகவைக்கிறார்கள். தீங்கைச் சந்திக்காதிருக்க வேண்டும் என்ற ஜப்பானியச் சொல்லிலும் ‘அவா’ என்ற ஒலி வருவதால் அதற்கு அந்தப் பொருளும் ஏற்றப்பட்டுள்ளது.

அடுத்த இறக்கம் ஐசு-மியாஷிதா. பெரும்பாலான புகைப்படங்களில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய முதலாவது ததாமி ஆற்றுப் பாலத்தைப் பார்க்க, இங்கிருந்து காரில் பத்து நிமிடத் தொலைவில் உள்ள மிஷிமா-ஜுகு சாலையோர ஓய்வு நிலையத்துக்குச் செல்ல வேண்டும். விடுதியிலோ நிலையத்திலோ சொல்லி முன்கூட்டியே டாக்சிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஓய்வு நிலையத்திலிருந்து மரங்களுக்கிடையே படிகள் ஏறுகின்றன. வெவ்வேறு உயரங்களில் பார்வைத் தளங்கள் உள்ளன. உயர ஏற ஏற ஆற்றின் வளைவு முழுமையாகத் திறந்துகொள்ளும் என்பதால் மூச்சு வாங்கினாலும் கடைசித் தளம் வரை செல்லுங்கள். வண்டி பாலத்தைக் கடக்கும் நேரங்களைக் குறித்த அட்டவணையை உள்ளூர்ச் சுற்றுலா அலுவலகங்கள் வெளியிடுகின்றன; அரை மணி முன்பாகவே மேலே சென்று, கடந்த பின்னும் சற்று நேரம் நின்று பாருங்கள். வண்டி போன பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் நிலவும் அமைதிக்காகவே நான் மீண்டும் அங்கே செல்வேன். இப்பகுதிக் காடுகளில் கரடிகள் உண்டு. தனியாக நடப்பவர்கள் பையில் சிறு மணி ஒன்றைக் கட்டிக்கொள்வதும், அந்தி வேளையில் காட்டுப் பாதையைத் தவிர்ப்பதும் அவசியம். மியாஷிதா ஊருக்குள்ளேயே ரயில், மாநிலச் சாலை, தேசியச் சாலை ஆகிய மூன்றின் வளைவுப் பாலங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும் இடமும் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது.

அன்றிரவு மியாஷிதாவிலோ சற்று மேலே கனேயாமா பகுதியிலோ வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் தங்குங்கள். இங்குள்ள விடுதிகள் சிறியவை, பெரும்பாலும் குடும்பத்தார் நடத்துபவை. இரவுணவு நேரம் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் மாலை ஐந்து மணியளவில் வந்து சேர்வது முறை. அக்கம்பக்கத்தில் உணவகம் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காமல் இரவுணவும் காலையுணவும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். சைவ உணவினர் பதிவின்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனெனில் காய்கறிக் குழம்பின் சாறுகூட மீனிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஐசுவின் புகழ்பெற்ற ‘கோசுயு’ சூப்பின் அடிப்படையும் உலர்ந்த கடற்சிப்பிதான். பொதுக் குளியலறையில் உடலைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும் என்பதையும், சிறு துண்டைத் தொட்டி நீரில் நனைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலை, கோய்தே வரை செல்லும் முதல் வண்டியில் ஏறுங்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: முதலாவது முதல் எட்டாவது வரை பெயரிட்ட பாலங்களால் பாதை ஆற்றை மாறி மாறிக் கடப்பதால் ஆறு இருபுறமும் வரும், இடம் கிடைத்தால் வண்டியின் முன்முனைக் கண்ணாடியருகே நில்லுங்கள். கவாகுச்சி நிலையத்தின் நடைமேடை ஆற்று நீரை ஒட்டியே அமைந்துள்ளது. எதிர்வண்டிக்காக அங்கே நிற்க நேர்ந்தால் இறங்கிப் பாருங்கள். அதைத் தாண்டி, புதிதாகக் கட்டப்பட்ட ஆறாவது பாலத்தின் மீது செல்லும்போது ஹொன்னா அணையின் சுவர் பக்கத்திலேயே எழுந்து நிற்கும். வயல்களில் வேலை செய்பவர்களும் வீட்டு வாசலில் நிற்பவர்களும் வண்டியைப் பார்த்துக் கையசைப்பார்கள். ரயிலுக்குக் கையசைப்போம் என்று ததாமி ஊர் தனி விதியே இயற்றியிருக்கிறது. நீங்களும் தவறாமல் கையசையுங்கள்.

ததாமியில் இறங்கினால், வகாமாட்சுவில் பகல் ஒரு மணியை ஒட்டிக் கிளம்பும் வண்டி வரும் வரை ஏழு மணி நேரம் கிடைக்கும். ஊரைச் சுற்றவும் டகோகுரா அணைக்குச் சென்று வரவும் அது போதுமானது. கவாகுச்சி-ததாமி இருப்புப்பாதையே அந்த அணையைக் கட்டப் பொருள் கொண்டு செல்ல 1957இல் போடப்பட்டதுதான். ஆனால் நவம்பரில் மாலை நாலரை மணிக்கே இருள் சூழ்ந்துவிடும் என்பதால், இலையுதிர் காலத்தில் செல்வோர் ததாமியில் இறங்காமல் காலை வண்டியிலேயே தொடர்வது நல்லது. இல்லாவிட்டால் மாநில எல்லையைக் கடக்கும் மலைப்பகுதி முழுவதும் இருட்டில் கழிந்துவிடும். ததாமியை விட்டால் அடுத்த நிலையமான ஓஷிராகாவா 20.8 கிலோமீட்டர் அப்பால். இடையே 6,359 மீட்டர் நீளமுள்ள ரொகுஜூரிகோஎ சுரங்கம் வருகிறது. வெளியே வந்ததும் மலைகளின் சாயல் மாறி, அகன்ற நெல்வயல்கள் தென்படத் தொடங்கும்.

கோய்தேயிலிருந்து ஜோஎட்சு பாதையில் இரண்டாவது நிலையம் உராசா. ஷின்கான்சென் நிற்கும் இடம் அது. மூன்றாம் இரவை அங்கேயோ, விடுதிகள் மிகுந்த எச்சிகோ-யுசாவாவிலோ கழிக்கலாம். ஜப்பானியர் மிக உயர்வாக மதிக்கும் உவோனுமா கொஷிஹிகாரி அரிசி விளையும் மண் இது. அன்றிரவு வெறும் சோற்றைக் குழம்பில்லாமல் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். நான்காம் நாள் காலை உராசாவிலிருந்து டாக்சியில் சைஃபுகுஜி கோயிலுக்குச் சென்று, இஷிகாவா உன்ச்சோ செதுக்கி வண்ணம் தீட்டிய மேற்கூரைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், ஷின்கான்சென் ஒன்றரை மணி நேரத்தில் டோக்கியோ சேர்த்துவிடும். உராசாவில் எல்லா ஷின்கான்சென் வண்டிகளும் நிற்பதில்லை என்பதால் அதன் நேரத்தையும் அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.