சிமென்ட் ஆலைத் தூசி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரியலூர்ப் பக்கம் ஆலைகளில் சுற்றுச்சூழல் பிரிவுக்குப் புதிதாக வரும் பசங்களைப் பார்க்கிறேன், எங்கள் செட்டு அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். கிழிந்த வடிகட்டிப் பையை மாற்று, ரோட்டில் தண்ணீர் அடி என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மானிட்டரைப் பழைய கணக்கிலேயே ஓட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். புகைபோக்கியில் இருக்கும் தூசி மானிட்டர் தூசியை எடை போடுவதில்லை. பெரும்பாலும் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கிறது, அவ்வளவே. அதை மில்லிகிராமாக்குவது நாம் ஏற்றிவைக்கும் சமன்பாடு.

ஒரு ஆலையில் சூளையின் இஎஸ்பியை (மின்புலத்தால் தூசியைப் பிடிக்கும் கருவி) கழற்றிவிட்டு பேக் ஃபில்டர் (துணிப்பை வடிகட்டி) போட்டார்கள். நல்ல காரியம். சமன்பாட்டை மட்டும் யாரும் தொடவில்லை. பேக் ஃபில்டரைத் தாண்டி வருவது மிக நுண்ணிய துகள், அதே எடைக்கு அதிக ஒளியைச் சிதறடிக்கும். திரையில் எண் கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டவும் பதறிப்போய், சூளையை நிறுத்தி, நல்ல பைகளையெல்லாம் கழற்றிப் புதுசு மாட்டி, மறுபடி எண்ணெய் எரித்துச் சூடேற்றி ஓட்டினால் அதே எண்! அப்புறம்தான் ஐசோகைனடிக் முறையில், அதாவது புகை ஓடும் அதே வேகத்தில் உறிஞ்சி, திம்பிளில் (சிறு வடிகட்டிக் குப்பி) தூசி பிடித்து எடை போட்டார்கள். வரம்புக்கு ரொம்பக் கீழே இருந்தது. பைக்காசும் போச்சு, உற்பத்தியும் போச்சு.

ஃபில்டர், நிலக்கரி, மாற்று எரிபொருள் எது மாறினாலும் முதலில் திம்பிளில் எடை பார்த்துச் சமன்பாட்டை மாற்றுங்கள், வெவ்வேறு லோடில். லென்ஸையும் பாருங்கள், அழுக்கேறினால் சிதறல் மானிட்டர் குறைத்துக் காட்டும், அது இன்னும் மோசம்.

ஆக்சிஜன் திருத்தத்தை மறப்பது

நைட்ரஜன் ஆக்சைடு 500 மில்லிகிராம் என்று சந்தோஷப்படாதீர்கள். வரம்பு 10% ஆக்சிஜனுக்கானது. ஃபால்ஸ் ஏர், அதாவது கசிவு வழியாக வெளிக்காற்று, புகுந்து புகைபோக்கியில் 14% இருந்தால் (21-10)/(21-14), அதாவது 11/7-ஆல் பெருக்க வேண்டும் (21 என்பது காற்றின் ஆக்சிஜன் சதவீதம்), கிட்டத்தட்ட 786. 2014 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு வந்த சூளைக்கு வரம்பு 600.

இஎஸ்பியின் சிஓ டிரிப்பை சகஜம் என்று விடுவது

வாயுவில் சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, ஏறினால் வெடித்துவிடாமல் இருக்க இஎஸ்பி தானாக நின்றுவிடும், அதுதான் டிரிப். அந்தச் சில நிமிடத் தூசி மொத்தமும் ஊருக்குத்தான். எரிப்பைச் சரிசெய்யுங்கள், டிரிப் ஆகும் அளவை (செட் பாயின்ட்) ஏற்றாதீர்கள்.

கிளிங்கரைத் திறந்தவெளியில் கொட்டுவது

சூளையில் வெந்து வரும் கட்டிதான் கிளிங்கர். வெளியே கொட்ட வேண்டாம்.

மானிட்டர் சிக்னல் போனதும் கடைசி எண்ணையே அனுப்புவது

தரவு நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. ஓடும் சூளையில் எண் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மணிக்கணக்கில் தசமம்கூட அசையாத கோட்டைப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா என்ன, ஜீப் கிளம்பிவிடும்.